நன்றாயிருக்கிறது என்றால் போதுமா?

ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் வாழ்கின்ற நமக்கு மலை மேற்கே இருக்கிறது. கடல் கிழக்கே வெகு தொலைவில் இருக்கிறது. மாலை நேரத்தில் மலை முந்திக்கொண்டு சூரியனை மறைத்துவிடும். காலையில் அதே மலையின் உச்சிதான் முதல் ஒளியை வாங்கிச் சிவக்கும். ஆனால் சூரியன் கடலிலிருந்து எழுகின்ற காட்சியைக் காண விரும்பினால், நூறு கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து மன்னார் வளைகுடாவின் கரையை அடைய வேண்டும். நம் மலையில் பெய்யும் மழையைச் சுமந்து ஓடும் வைப்பாறும் அந்த வளைகுடாவில்தான் சென்று கலக்கிறது.

நம் இளைஞர்கள் இப்போது அந்தப் பயணத்தை விரும்பி மேற்கொள்கிறார்கள். விடுமுறை வந்துவிட்டால் நாலைந்து பேர் கூடி, நள்ளிரவுக்குப் பின் வண்டியில் புறப்படுகிறார்கள். வேம்பார், தூத்துக்குடி, காயல்பட்டினம் என்று ஏதேனும் ஓர் ஊரை அடைந்து, சுபுஹுத் தொழுகையை முடித்துக்கொண்டு கரைக்குச் சென்று உதயத்தைப் படமெடுத்துத் திரும்புகிறார்கள். சிலரிடம் நல்ல கேமரா இருக்கிறது. பலரிடம் கைப்பேசி மட்டுமே. வீடு திரும்பியதும் அத்தாவிடமும் அம்மாவிடமும் அக்காவிடமும் படத்தைக் காட்டுகிறார்கள். எல்லோருடைய வாயிலிருந்தும் ஒரே சொல்தான் வருகிறது: "நன்றாயிருக்கிறது."

அன்பினால் சொல்லப்படும் சொல் அது. அதில் குற்றம் காண்பதற்கில்லை. ஆனால் அந்தச் சொல்லிலிருந்து படமெடுத்த பிள்ளை எதைக் கற்றுக்கொண்டது? அடுத்த முறை எதை மாற்றிச் செய்ய வேண்டும் என்று அதற்குத் தெரிந்ததா? இம்மாதம் இதைப் பற்றிச் சற்றுச் சிந்திப்போம்.

கண் காண்பதும் கருவி காண்பதும்

உதயத்தைப் படமெடுப்பது எளிது போலத் தோன்றும். கரையில் நின்று கிழக்கு நோக்கிப் பொத்தானை அழுத்தினால் போதும் என்று நினைப்போம். உண்மையில் ஒளிப்படக் கலையின் கடினமான பாடங்களுள் அதுவும் ஒன்று.

முதற்காரணம் நேரம். நம் நாடு பூமத்திய ரேகைக்கு அருகில் இருப்பதால், இங்கே சூரியன் ஏறக்குறையச் செங்குத்தாக எழுகிறது. அதன் விளிம்பு கடலுக்கு மேல் தோன்றியதிலிருந்து முழு வட்டமும் வெளிவருவதற்கு ஆகும் நேரம் இரண்டு நிமிடத்துக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். அதற்கு முன்னர் வானம் நிறம் மாறி மாறிக் காட்டுகின்ற வேளையும் நீண்டதன்று. சூரியன் அடிவானத்துக்கு 6 பாகை கீழே இருப்பதிலிருந்து உதயம் வரை, நம் கரையில் 21 முதல் 23 நிமிடங்கள் வரைதான் கிடைக்கின்றன. வட ஐரோப்பிய நாடுகளில் இதே வேளை இதைவிட நீண்டிருக்கும். நம் கரைக்குத் தாமதமாகச் சென்றவருக்கு அன்றைய பாடம் முடிந்துபோகிறது.

தொழுகை நேரங்களைக் கணக்கிட்டு வாழும் நமக்கு இந்த வேளை புதியதன்று. மதரஸாவில் பிக்ஹுப் பாடம் படிக்கும் மாணவன் இரண்டு வைகறைகளை அறிவான். முதலாவது ஸுப்ஹு காதிப் எனும் பொய் வைகறை. அது அடிவானத்திலிருந்து மேல்நோக்கி ஒரு தூண் போல மங்கலாக நிற்கும். சற்று நேரத்தில் மறைந்துவிடும். இரண்டாவது ஸுப்ஹு ஸாதிக் எனும் உண்மை வைகறை. அது அடிவானத்தின் நெடுகிலும் குறுக்காகப் பரவும் வெண்மை. சுபுஹு நேரம் தொடங்குவது இந்த இரண்டாவதிலிருந்துதான். முதலாவது ஒளியை, கோள்களுக்கு இடையே மிதக்கும் நுண்தூசியின் மீது சூரிய ஒளி பட்டுச் சிதறுவது என்று இன்றைய வானியலார் விளக்குகின்றனர். ஊர் விளக்குகள் எட்டாத இருண்ட கடற்கரையில் அதனை இன்றும் காணலாம். ஒளி மேல்நோக்கி நிற்கிறதா, குறுக்கே பரவுகிறதா என்று பார்த்துப் பழகிய கண் படமெடுப்பவருக்கும் வேண்டும். பார்ப்பது வேறு, வேறுபாட்டைப் பார்ப்பது வேறு.

இரண்டாவது கடினம் நம் கண்ணே. "சூரியன் தாம்பாளம் போல எழுந்தது, படத்தில் மிளகு போல அல்லவா இருக்கிறது!" என்று வருந்தாத இளைஞர் இல்லை. கருவியில் பழுதில்லை. வானில் சூரியனின் அகலம் உச்சியில் நின்றாலும் அடிவானத்தில் நின்றாலும் ஏறத்தாழ அரைப் பாகைதான். அடிவானத்தில் அது பெரிதாகத் தோன்றுவது நம் உள்ளம் செய்யும் கணக்கு. இதனைச் சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே எழுதி வைத்தவர் பஸ்ரா நகரில் சுமார் 965-ல் பிறந்து, சுமார் 1040-ல் கெய்ரோவில் மறைந்த அறிஞர் இப்னுல் ஹைதம். கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் பொருளைத் தொடுகிறது என்ற பழங்கொள்கையை மறுத்து, பொருளிலிருந்து வரும் ஒளி கண்ணுள் புகுவதால்தான் பார்வை உண்டாகிறது என்பதை அவர் தமது 'கிதாபுல் மனாழிர்' என்னும் ஏழு பாக நூலில் நிறுவினார். இருண்ட அறையின் சிறு துளை வழியே ஒளி புகுந்து எதிர்ச்சுவரில் விழுவதையும் அவர் ஆராய்ந்தார். இன்று நம் பிள்ளைகள் சட்டைப் பையில் வைத்திருப்பது அந்த இருண்ட அறையின் சிறு வடிவமே அன்றி வேறில்லை. கேமரா என்னும் லத்தீன் சொல்லுக்கும் அறை என்பதுதான் பொருள்.

மூன்றாவது கடினம் வெளிச்சத்தின் ஏற்றத்தாழ்வு. உதய வேளையில் வானம் பேரொளியாகவும் தரை இருளாகவும் இருக்கும். கண் இரண்டையும் ஒருசேரச் சமாளிக்கிறது, கருவியால் முடிவதில்லை. வானத்துக்கு ஏற்ப அளந்தால் கரை கறுத்துப்போகும். கரைக்கு ஏற்ப அளந்தால் வானம் வெளுத்துப்போகும். இது இன்றைய தொல்லை அன்று. 1856, 1857-ஆம் ஆண்டுகளில் கடற்காட்சிகளைப் படமெடுத்துப் புகழ்பெற்ற குஸ்தாவ் லெ கிரே என்னும் பிரெஞ்சுக்காரர், சில படங்களுக்கு வானத்துக்கு ஒன்றும் கடலுக்கு ஒன்றுமாக இரண்டு நெகடிவ்களை எடுத்து, ஒரே தாளில் சேர்த்து அச்சிட்டார். அதே காலத்தில் மதராஸ் அரசின் புகைப்படக்காரராக இருந்து, மதுரை, தஞ்சாவூர், திருச்சி ஆகிய ஊர்களின் கட்டடங்களைப் படமெடுத்த கேப்டன் லின்னேயஸ் டிரைப், தம் காகித நெகடிவ்களில் வெறுமையாய் விழுந்த வானத்தில் தூரிகையால் மேகங்களைத் தீட்டிச் சேர்த்தார். பெரிய கலைஞர்களே இப்படித் திண்டாடிய இடத்தில் நம் பிள்ளை முதல் நாளிலேயே வென்றுவிடும் என்று எதிர்பார்ப்பது நியாயமா?

நான்காவதாக இடம். சூரியன் ஆண்டு முழுவதும் நேர்க்கிழக்கில் உதிப்பதில்லை. ஆனி மாதத்தில் வடகிழக்காக ஏறக்குறைய 23 பாகையும், மார்கழியில் தென்கிழக்காக அதே அளவும் விலகி உதிக்கிறது. காயல்பட்டினத்துக் கரை கிழக்கு நோக்கியது. அங்கே எந்த மாதத்திலும் உதயம் கடலின் மேல்தான். கீழக்கரையின் கடற்கரையோ தெற்கு நோக்கியது. அங்கே மார்கழியில் சூரியன் கடலின் மீது எழும். ஆனியில் கரையை ஒட்டி எழும். தூத்துக்குடியில் உதய நேரம் மே மாத இறுதியில் காலை 6 மணிக்குச் சற்று முன்பாகவும், ஜனவரி இறுதியில் ஏறக்குறைய 6.40 மணியாகவும் இருக்கும். இவற்றை முன்னமே விசாரித்து அறிந்தவர் ஓர் இடத்தில் நிலையாக நின்று படமெடுப்பார். அறியாதவர் உதய வேளையில் கரை நெடுக ஓடிக்கொண்டிருப்பார்.

ஓர் இளைஞரும் மூன்று குறைகளும்

எங்கள் பகுதியில் நூற்பாலை வேலையை நம்பி வாழும் குடும்பத்தைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் இருக்கிறார். சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் பழைய கேமரா ஒன்றை வாங்கினார். மூன்று ஆண்டுகள் விடாமல் கடற்கரைக்குச் சென்று வந்தார். அவர் எடுத்த படங்களை உறவினரும் நண்பரும் தெருவாரும் புகழ்ந்தனர். நமக்குப் பக்கத்து ஊரான சிவகாசியில் காலண்டர் அச்சிடுவோர் இயற்கைக் காட்சிப் படங்களை விலைக்கு வாங்குவதுண்டு என்று கேள்விப்பட்டு, தம் படங்களுள் சிறந்த இருபதைத் தேர்ந்தெடுத்து ஓர் அச்சகத்துக்கு எடுத்துச் சென்றார்.

அங்கிருந்த பெரியவர் இருபதையும் நிதானமாகப் பார்த்தார். பின்னர் மூன்றே செய்திகளைச் சொன்னார். அடிவானக் கோடு பெரும்பாலான படங்களில் சாய்ந்திருக்கிறது. கடல் ஒரு பக்கமாக வழிந்துவிடும் போலத் தோன்றுகிறது. சூரியன் நட்டநடுவில் வெள்ளைப் பொட்டாக எரிந்துபோயிருக்கிறது. அதில் நிறமே இல்லை. முன்புறத்தில் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. ஆகையால் இந்தப் படம் எந்த ஊர்க் கரை என்று யாராலும் சொல்ல முடியாது. இவ்வளவும் சொல்லிவிட்டுப் படங்களைத் திருப்பிக் கொடுத்தார்.

வீடு திரும்பிய இளைஞர் கேமராவை பீரோவில் வைத்துப் பூட்டினார். "ஹஜரத், அவன் அதைத் தொட்டு அஞ்சு மாசம் ஆச்சு, சரியாச் சாப்பிடுறதும் இல்லே" என்று அவருடைய தாயார் என்னிடம் சொல்லி வருந்தினார். நான் அவரை அழைத்துப் பேசினேன். "அவர் சொன்ன மூன்றில் எது பொய், தம்பி?" என்று கேட்டேன். வெகுநேரம் தலை குனிந்திருந்துவிட்டு, "மூணுமே நெசந்தான் ஹஜரத்" என்றார். "அப்படியானால் வருத்தம் எதற்கு?" என்றேன். அதற்கு அவர் சொன்ன விடை என்னை யோசிக்க வைத்தது. "மூணு வருஷமா இத்தனை பேர் பாத்தாங்க. ஒருத்தர் கூட சொல்லலையே!"

அச்சகத்துப் பெரியவரின் சொல் கடுமையானதன்று. ஆனால் அது அந்த இளைஞர் தம் வாழ்நாளில் கேட்ட முதல் குறை. புகழ்ச்சியை மட்டுமே உண்டு வளர்ந்த உள்ளத்துக்கு முதற்குறை அடியாக விழுந்துவிட்டது. மூன்று ஆண்டுகளில் அவ்வப்போது அன்பான ஒருவர், "தம்பி, கடல் சாய்ந்திருக்கிறதே, பார்" என்று மட்டும் சொல்லியிருந்தால், அவர் ஒரே காலையில் அதைத் திருத்தியிருப்பார். சிவகாசிக்குச் செல்லும்போது குறை ஒன்று குறைந்திருக்கும், மனமும் பழகியிருக்கும்.

அவர் மீண்டும் கரைக்குச் சென்றார். ஓராண்டு கழித்து மறுபடியும் அதே அச்சகத்தில் படங்களைக் காட்டினார். இரண்டு குறைகள் நீங்கிவிட்டன என்றும், மூன்றாவதற்கு இன்னும் உழைக்க வேண்டும் என்றும் அந்தப் பெரியவர் சொன்னாராம். இம்முறை கேமரா பீரோவுக்குள் போகவில்லை.

மதரஸாவில் காணும் முறை

குறையைச் சொல்வது எப்படி என்பதற்கு நாம் வேறெங்கும் செல்ல வேண்டியதில்லை. குர்ஆன் மனனம் செய்யும் மாணவன் தினந்தோறும் உஸ்தாதின் முன் அமர்ந்து தன் சபக்கை ஒப்புவிக்கிறான். அவன் தவறும்போது, "உன் ஓதல் நன்றாக இல்லை" என்று நல்ல உஸ்தாது சொல்வதில்லை. அப்படிச் சொன்னால் அந்தச் சிறுவன் எதைத் திருத்துவான்? "இந்த எழுத்தைத் தொண்டையின் நடுவிலிருந்து எடு" என்பார். தாமே ஒருமுறை ஓதிக் காட்டுவார். மீண்டும் ஓதச் செய்வார். பிறகு அதை அங்கேயே விட்டுவிட்டு அடுத்த வசனத்துக்குச் செல்வார். எழுத்தைத் திருத்துகிறார், சிறுவனைப் பழிப்பதில்லை. நாள்தோறும் திருத்தப்படுவதால், திருத்தம் பெறுவது அவனுக்கு அவமானமாகவும் படுவதில்லை. உண்பது உறங்குவது போல அதுவும் அன்றாடச் செயலாகிவிடுகிறது.

உருவங்களைப் பற்றிய செய்தி ஒன்றும் இங்கே நினைவுக்கு வருகிறது. புகாரியில் பதிவாகியுள்ள நிகழ்ச்சி அது. கையால் உருவங்களைச் செய்து பிழைக்கும் ஒருவர் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களிடம் வந்து தம் தொழிலைப் பற்றிக் கேட்டார். இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள், இது குறித்து நபி (ஸல்) அவர்களிடம் தாம் கேட்டதை மறைக்காமல் எடுத்துரைத்தார்கள். அதைக் கேட்ட அந்த மனிதருக்கு மூச்சு வாங்கியது, முகம் வெளிறிப்போயிற்று. அவருடைய நிலையைக் கண்ட இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் அத்துடன் நிறுத்திக்கொள்ளவில்லை. இத்தொழிலை விட முடியாதென்றால் மரங்களையும் உயிரற்ற பிற பொருள்களையும் செய்துகொள்ளலாம் என்று வழி காட்டினார்கள். கேமரா கொண்டு உயிருள்ளவற்றைப் படமெடுப்பது குறித்து ஆலிம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அது இங்கே நம் பொருளன்று. நாம் கவனிக்க வேண்டியது சொன்ன முறையை. உண்மை குறைக்கப்படவில்லை. கேட்டவரின் முகம் கவனிக்கப்பட்டது. அவருடைய பிழைப்புக்கு ஒரு வாசலும் திறக்கப்பட்டது. இம்மூன்றும் சேர்ந்திருந்தால்தான் அது திருத்தம். உண்மை மட்டும் இருந்தால் அடி. பரிவு மட்டும் இருந்தால் தாலாட்டு.

சொல்வோருக்குச் சில வழிகள்

ஆகவே பிள்ளை படத்தைக் காட்டும்போது என்ன செய்யலாம்? முதலில் சற்று நேரம் பார்க்க வேண்டும். அடுப்படி வேலைக்கு இடையே கைப்பேசியை ஒரு கண்ணால் பார்த்துவிட்டு, "ஆ, நல்லாருக்கு" என்று சொல்வதைவிட, "அடுப்பை இறக்கி வைத்துவிட்டு வருகிறேன்" என்று சொல்வது பிள்ளைக்கு மதிப்பளிப்பதாகும்.

அடுத்து, "இதில் எதைக் காட்ட நினைத்தாய்?" என்று கேட்க வேண்டும். இந்தக் கேள்விக்கு ஒளிப்பட அறிவு எதுவும் தேவையில்லை. பிள்ளை, "அந்த வள்ளத்தை" என்று சொல்லலாம். அப்போது, "என் கண்ணுக்கு வள்ளம் தெரிவதற்கு முன்னால் இந்த மின்கம்பம் அல்லவா தெரிகிறது" என்று நாம் காண்பதைக் காண்பது போலச் சொன்னால் போதும். அதுவே பெரிய பாடம். படமெடுத்தவருக்குத் தாம் நினைத்தது தெரியும்; பிறர் கண்ணுக்கு எது படுகிறது என்பது தெரியாது. அதைச் சொல்லக்கூடியவர் நாம்தான்.

மூன்றாவதாக, நன்மையையும் இடம் சுட்டிச் சொல்ல வேண்டும். "ஈர மணலில் வானத்தின் நிறம் விழுந்திருக்கிறதே, அந்த இடம் மனத்துக்கு இதமாக இருக்கிறது" என்று சொன்னால், பிள்ளை அடுத்த முறை அலை வடிந்த ஈர மணலைத் தேடி நிற்கும். புகழ்ச்சியும் இவ்வாறு பாடமாகிவிடுகிறது.

நான்காவதாக, ஒரு நேரத்துக்கு ஒரு குறை போதும். ஐந்து குறைகளை அடுக்கினால் ஒன்றும் மனத்தில் நிற்காது. ஐந்தாவதாக, விருந்தினர் முன்னிலையில் சொல்லக்கூடாது. ஒருவர் மற்றவருக்குக் கண்ணாடி போன்றவர் என்பது நாம் அடிக்கடி கேட்டுப் பழகிய கருத்து. கண்ணாடி முகத்திலுள்ள கறையைக் கூட்டியும் காட்டாது, குறைத்தும் காட்டாது. தன் எதிரே நிற்பவருக்கு மட்டுமே காட்டும்; அவர் அகன்றதும் அடுத்தவரிடம் சொல்லாது.

கேட்போருக்குச் சில வழிகள்

படமெடுக்கும் இளைஞர்களுக்கும் ஒரு வார்த்தை. நூறு படம் எடுத்தால் நூறையும் காட்டாதீர்கள். நீங்களே பத்தாகக் குறைத்து, பத்தை மூன்றாக்குங்கள். அந்தத் தேர்விலேயே பாதிப் பாடம் முடிந்துவிடும். "எப்படியிருக்கிறது?" என்று கேட்டால் "நன்றாயிருக்கிறது" என்ற விடைதான் வரும். "இந்த மூன்றில் எதை நீக்கலாம்? ஏன்?" என்று கேட்டுப் பாருங்கள், விடை வேறாக இருக்கும். ஒருவர் குறை சொல்லும்போது, "அன்று மேகம் இருந்தது, நேரமில்லை, கேமரா பழையது" என்று சமாதானம் சொல்லத் தொடங்காதீர்கள். ஏனெனில் நீங்கள் இல்லாத இடத்தில் உங்கள் படம் தனியே நிற்க வேண்டும். அதனுடன் சமாதானமும் சேர்ந்து வராது. ஒரே குறையை இருவர் தனித்தனியே சொன்னால் அதை உண்மை என்று கொள்ளுங்கள். ஒருவர் மட்டும் சொன்னால் குறித்து வைத்துக்கொண்டு சோதித்துப் பாருங்கள்.

முன்னர்ச் சொன்ன இப்னுல் ஹைதம், தாம் பெரிதும் மதித்த கிரேக்க அறிஞர் தாலமியின் நூல்களில் கண்ட முரண்களைத் தொகுத்துத் தனியாக ஒரு நூலே எழுதினார். பிறர் நூலை ஐயத்தோடு ஆராய்பவன் அதே ஐயத்தைத் தன் மீதும் செலுத்த வேண்டும் என்ற கருத்தை அதில் அவர் வலியுறுத்தினார். அவருக்கு ஏறத்தாழ 300 ஆண்டுகள் கழித்துப் பாரசீகத்தில் வாழ்ந்த கமாலுத்தீன் அல்ஃபாரிஸீ, இப்னுல் ஹைதமின் நூலையே ஆழ்ந்து படித்தார். வானவில்லைப் பற்றி அவர் தந்த விளக்கம் போதாது என்று கண்டார். மழைத்துளிக்குப் பதிலாக நீர் நிரப்பிய கண்ணாடிக் கோளத்தில் ஒளியைச் செலுத்தி, அது உள்ளே வளைந்தும் எதிரொளித்தும் வெளிவருவதால் வானவில் தோன்றுகிறது என்று காட்டினார். இப்னுல் ஹைதமின் பெருமை இதனால் குறைந்துவிட்டதா? அவருடைய நூல் திருத்தத்தினால் வளர்ந்தது என்றே அறிஞருலகம் சொல்கிறது.

சென்னையில் 1850-களிலேயே ஒளிப்படக்காரர்கள் கூடிக் கழகம் ஒன்றை அமைத்தார்கள். இன்று உலகெங்கும் அத்தகைய கழகங்கள் உள்ளன. அவற்றில் உறுப்பினரின் படத்தை நடுவே வைத்து, மற்றவர்கள் அதன் நிறைகுறைகளைச் சொல்வது வழக்கம். நம் ஊர்களில் அதற்கென்று கழகம் தேடி அலைய வேண்டியதில்லை. மூன்று நண்பர்கள் மாதம் ஒருநாள் மாலையில் கூடினால் அதுவே போதும்.

கடலுக்குச் செல்ல இயலாதவர்கள்

நம் பெண்பிள்ளைகளுள் பலருக்கு இந்தக் கலையில் ஆர்வம் உண்டு. நள்ளிரவில் கிளம்பிக் கடற்கரைக்குச் செல்ல அவர்களுக்கு இயலாமல் போகலாம். அதனால் பாடம் கிடைக்காமல் போவதில்லை. நம் வீட்டு மொட்டை மாடியிலிருந்தே மேற்கே மலை தெரிகிறது. உதய வேளையில் ஒளி மலையுச்சியில் முதலில் விழுந்து, பிறகு சரிவில் படிப்படியாக இறங்கி வருவதை நாள்தோறும் காணலாம். மழைக்காலம் முடிந்து கண்மாய்கள் நிறைந்திருக்கும்போது குடும்பத்தோடு கரைக்குச் சென்றால், நீரில் வானம் விழுவதையும் படமெடுக்கலாம். ஒரே இடத்தில் நின்று முப்பது நாள் முப்பது படம் எடுத்து, ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்க்கும் பெண், ஒருநாள் கடலுக்குப் போய் முந்நூறு படம் எடுத்து வரும் அண்ணனைவிட மிகுதியாகக் கற்றிருப்பாள். அவளுடைய படத்தையும் அண்ணனுடைய படத்தைப் போலவே வீட்டார் அமர்ந்து பார்க்க வேண்டும். "பொம்பளப் பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு?" என்ற ஒரு சொல்லில் எத்தனையோ கண்கள் மூடிப்போயிருக்கின்றன.

கரைக்குச் செல்வோருக்கு முறைகள் சில உண்டு. தூத்துக்குடி, வேம்பார்ப் பகுதியின் உப்பளங்களில் தொழிலாளர்கள் விடியுமுன்பே வேலைக்கு வந்துவிடுவார்கள். வலை இழுக்கும் மீனவர்களும் அவ்வாறே. அவர்கள் நம் படத்துக்காக அங்கே நிற்பவர்கள் அல்லர். அனுமதி கேட்டு, மறுத்தால் விலகிவிட வேண்டும். பெண்கள் இருக்கும் பக்கம் கேமராவைத் திருப்பலாகாது. ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை உள்ளதால், அப்போது அவை கரையில் நிற்கும். அதைப் படமெடுப்பவர் அந்நாள்களில் மீனவர் வீட்டு வருமானமும் நின்றிருக்கிறது என்பதை நினைவில் கொள்வது நல்லது. சூரியன் சற்று ஏறியபின் அதை வெறுங்கண்ணாலோ கேமராவின் கண்ணாடி வழியாகவோ உற்றுப் பார்க்கக்கூடாது, பார்வைக்கு ஆபத்து. உப்புக்காற்றில் லென்ஸின் மேல் படியும் ஈரத்தை மெல்லிய பருத்தித் துணியால் அவ்வப்போது துடைக்க வேண்டும். எத்தனையோ படங்கள் மங்கலாக விழுவதற்கு அந்தப் படலமே காரணம்.

படம் என்பது ஓர் எடுத்துக்காட்டுதான். பிள்ளை எழுதிய கட்டுரை, மகள் தைத்த சட்டை, மருமகள் வைத்த குழம்பு, மகன் ஓதிய கிராஅத் ஆகிய அனைத்துக்கும் இது பொருந்தும். நம் வீடுகளில் இரண்டு வழக்கங்கள் உள்ளன. ஒன்று எல்லாவற்றையும் புகழ்வது. மற்றொன்று எல்லாவற்றையும் ஏளனம் செய்வது. இரண்டுமே பிள்ளையைச் சரியாகப் பார்க்காமல் விட்டுவிடுவதன் அடையாளங்கள். இடத்தைச் சுட்டி, வழியைக் காட்டி, முகத்தைக் கவனித்துச் சொல்லும் ஒரு சொல்லுக்குச் சற்று நேரம் செலவாகும். அந்த நேரத்தை நாம் கொடுக்காவிட்டால், பிள்ளை தன் முதற்குறையைப் பிறரிடம் போய்க் கேட்க நேரும். அவர்கள் எல்லோரும் அந்தச் சிவகாசிப் பெரியவரைப் போல நிதானமானவர்களாக இருப்பார்கள் என்று சொல்வதற்கில்லை.

அடுத்த விடுமுறையில் குடும்பத்தோடு கடற்கரைக்குச் செல்லும் வாய்ப்பு அமைந்தால், உதயத்துக்கு முக்கால் மணி நேரம் முன்னதாகவே கரையில் இருங்கள். பிள்ளைகள் எடுக்கட்டும். வீடு திரும்பிய பின் ஆளுக்கு ஒரு படம் என்று வைத்து, வீட்டிலுள்ள ஒவ்வொருவரும் ஒரு நன்மையையும் ஒரு குறையையும் இடம் சுட்டிச் சொல்லுங்கள். சிறியவர் முதலில் சொல்லட்டும்; பெரியவர் கடைசியில் சொல்லட்டும். அத்தா எடுத்த படத்துக்கும் பிள்ளைகள் குறை சொல்லட்டும். அவர் முகம் சுளிக்காமல் கேட்கட்டும். பிள்ளைகளுக்கு அதைவிட நல்ல பாடம் வேறில்லை.